கேட்க முதல் திறந்த டிக்கி

மினிகேப் ஓடுகிறவன் முன்னால் பார்ப்பதைவிடப் பின்கண்ணாடியில் பார்ப்பதுதான் அதிகம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் லண்டனில் கார் ஓடிப் பிழைத்த நம்மவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பின்னால் பொலிஸ் கார் வந்தால் உங்கள் காலும் தானாகப் பிரேக்கில் போயிருக்கும். என் அகதிக் கேஸ் முடிவில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. பொலிஸ்காரன் ஒரு துண்டில் என் பெயரை எழுதினாலே போதும், அது நேரே கேஸ் பைலுக்குப் போய் என்னைத் திருப்பி அனுப்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் அவர்கள் எதைக் கேட்டாலும் ஓம்தான்.

நடைபாதையில் நாலு பேர்

ஒரு நாள் காலை, ஊரிலிருந்து விமான நிலையத்தில் வந்திறங்கிய குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு ஹவுன்ஸ்லோவால் வந்தேன். தாய், தகப்பன், ஒரு மகன், ஒரு மகள். பிரேக் லைட் எரியவில்லை என்று பொலிஸ் மறித்தது. பொலிஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து சேர முதல் நான் டிக்கியைத் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நாலு பேரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஊரில் ஆமி மறித்தால் நிற்பதுபோல் நடைபாதையில் வரிசையாக நிற்கிறார்கள். தகப்பன் சூட்கேசையும் திறந்து வைத்துவிட்டார். உள்ளே காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் மிளகாய்த்தூளும்.

பல்பை மாற்றச் சொல்லத்தான் வந்தேன் என்றார் பொலிஸ்காரர். ஆனாலும் திறந்து கிடந்த டிக்கியை எட்டிப் பார்த்தார். யார்தான் பார்க்கமாட்டார்கள்? அவர் போனபிறகும் அந்தத் தாய் காரில் ஏறவில்லை. என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, இஞ்ச ஆம்பிளையள் வேற, பொம்பிளையள் வேற எண்டு பிரிஞ்சு நிக்கத் தேவையில்லையோ?"

ஐயரின் பை

வெம்பிளியில் ஒரு கல்யாணத்துக்கு ஐயரைக் கூட்டிப் போகிறேன். நேரம் மட்டுமட்டு. மறித்த பொலிஸ்காரர், டிக்கியைப் பார்த்தால் உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே, சேர் என்று பணிவாகக் கேட்டார். ஊரில் துவக்கை நீட்டித் திற என்பார்கள். இங்கே சேர் போட்டுக் கேட்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். தாராளமாகப் பாருங்கள் என்றேன்.

ஐயரின் பைக்குள் பொலித்தீனில் கட்டிய அரைக் கிலோ திருநீறு இருந்தது. வெள்ளைத் தூளைக் கண்டதும் பொலிஸ்காரரின் முகம் மாறிவிட்டது. ரேடியோவில் பேசினார், இன்னொரு கார் வந்தது, இரண்டு பேராக முகர்ந்தார்கள். ஐயர் தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நாற்பது நிமிடம் கழித்து மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்கள். மண்டபத்துக்குப் போய்ச் சேர முகூர்த்தம் தப்பிவிட்டது. இறங்கும்போது ஐயர் சொன்னார்: "அவன் உம்மட்ட உத்தரவு கேட்டவன். நீர் ஏன் காணும் என்ர முகூர்த்தத்தைத் தூக்கிக் குடுத்தனீர்?"

சேவியர் அண்ணையின் கடதாசி

நோர்பரியில் எங்கள் கேப் கந்தோரில் இருந்து ரேடியோவில் ஓட்டங்களைப் பிரித்துக் கொடுப்பவர் சேவியர் அண்ணை, மன்னார்க்காரர். கோவில் மண்டபத்தில் ஒரு வழக்கறிஞர் பேசியதைக் கேட்டு எழுதிவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். சந்தேகப்படத் தகுந்த காரணம் இருந்தால் பொலிஸ் கேட்காமலே தேடலாம். காரணம் இல்லாதபோதுதான் உன் சம்மதத்தைக் கேட்கிறார்கள். அப்போது மறுக்கலாம், அது குற்றமில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு விசா இருக்கிறது, நீங்கள் சட்டம் கதைக்கலாம் என்று பாய்ந்தேன். அவர் கடதாசியை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "தம்பி, விசா இருக்கிறவனுக்கு மட்டும் எண்டு அந்த மனிசன் ஒரு இடத்திலயும் சொல்லேல்லை."

கைக்கு மேல் இருந்தது

அதற்குப் பிறகு இரண்டு முறை மறித்தார்கள். இரண்டு முறையும் கடதாசியோடு இருந்தபடியே ஓம் என்றேன். மூன்றாம் முறை, ஒரு பின்னேரம், கண் டொக்டரிடம் போகும் வயதான ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் பின்சீட்டில் இருந்தார். பொலிஸ்காரன் சின்ன வயது. டிக்கியைப் பார்க்கலாமா என்றான். என்ன காரணம் என்று கேட்டேன். சும்மாதான், வழமையான சோதனை என்றான். அப்படியென்றால் எனக்குச் சம்மதமில்லை என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

ஒளிக்க ஏதும் இருக்கிறதா என்று குனிந்து என் முகத்தைப் பார்த்தான். வாய் மறுத்துக்கொண்டிருக்க, வலது கை சீட்டுக்குப் பக்கத்தில் டிக்கி திறக்கும் பிடியைத் தேடிப் போனது. அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்துவிட்டேன். கேஸ், பைல், திருப்பி அனுப்பும் விமானம் எல்லாம் கண்ணுக்குள் ஓடின. அவன் நிமிர்ந்தான். சரி, போகலாம் என்றான். பெயரைக்கூட எழுதவில்லை.

சந்தோசம் வரவில்லை, இத்தனை நாள் தலையாட்டியதற்கு என் மேலேயே ஆத்திரம்தான் வந்தது. அடுத்த தெருவில் காரை நிறுத்தி, கண்டீங்களே மாஸ்டர், மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஓம் தம்பி, கண்டனான். ஊரில ஆமி என்ர மகனை வானால இறக்கேக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

கேஸ் பிறகு வென்றுவிட்டது, இந்த நாட்டுச் சட்டமும் எனக்கு ஒருவாறு விளங்கிவிட்டது, என் வலது கைக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.