ஏழாவது அடிக்குறிப்பு

ஆபீசில் அவருக்கு நடுக்கோடு என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வரப்போகும் மாதங்களில் கப்பல் சரக்குக்கு என்ன நடக்கும் என்று கணித்துப் படம் போடுவது அவர் வேலை. படத்தில் மூன்று கோடுகள் இருக்கும். எல்லாம் நல்லபடியாகப் போனால் ஒன்று, எல்லாம் நாசமாகப் போனால் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பட்டும் படாமலும் ஒன்று. சந்தாதாரர்கள் அந்த நடுக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார்கள்.

வீட்டிலும் மனுஷன் அப்படித்தான். "குடை எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று மனைவி கேட்டால், "வாய்ப்பு இருக்கு, ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்பார். "உங்களைக் கேட்டதுக்கு மாடிக்குப் போய் வானத்தையே கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் குடையோடு கிளம்புவாள்.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஆறு மேஜை, எந்நேரமும் ரப்பர் வாடை. அங்கிருந்து வாரம் ஒரு கடிதம் எண்ணூறு சந்தாதாரர்களுக்குப் போகும். அரசாங்கம் ஒரு வரியை ஏற்றினால், பழைய லாரியை ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டால், எங்கேயோ சண்டை வந்து கப்பல்கள் சுற்றிக்கொண்டு போனால், சரக்கு எத்தனை நாள் தாமதமாகும், வாடகை எவ்வளவு ஏறும் என்பதுதான் கடிதத்தின் விஷயம்.

வேலை அவருக்கு நன்றாகவே தெரியும். மந்திரி பேசியதை ஊரே படிக்கும். இவர் சட்டத்தின் பின்னிணைப்பைப் படிப்பார். புதிதாக ஒரு சோதனை வருகிறது என்றால், அதற்கு எத்தனை பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், சரக்கை இறக்கிப் பார்க்க எத்தனை மேடை கட்டியிருக்கிறார்கள் என்று தேடுவார். ஆளையும் எடுக்காமல் மேடையும் கட்டாமல் சட்டம் மட்டும் வந்தால் துறைமுக வாசலில் வரிசை நிற்கும். அவருடைய வித்தை இவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அது அநேகமாகப் பொய்த்ததில்லை.

அப்படியானால் ஏன் நடுக்கோடு என்று கேட்கலாம். சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு தடவை உள்ளதை உள்ளபடி முதல் பக்கத்தில் எழுதினார். புது வரி வந்தால் பெரிய கப்பல்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது என்று எழுதினார். அப்படியே நடந்தது. ஆனால் நடப்பதற்கு முன்பே பெரிய சந்தாதாரர்கள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது மனுஷன் என்று சொல்லலாம். தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "நீங்க எழுதினது சரிதான் சார். ஆனா சரியா சொல்றதுக்காகவா நம்மகிட்ட வர்றாங்க? நிம்மதியா தூங்கறதுக்காக வர்றாங்க."

அன்றிலிருந்து நடுக்கோட்டை முதலாளி சொல்கிற பக்கம் வளைத்தார். உண்மையை அடிக்குறிப்பில் போட்டார். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தில், யாரும் படிக்காத இடத்தில். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. தினமும் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற மனுஷர் அவர். "நான் இதுவரைக்கும் ஒரு பொய் எழுதினதில்லை. எல்லாம் கீழே இருக்கு" என்று மனைவியிடம் அடிக்கடி சொல்வார். அவள் கேட்டுக்கொண்டு வேறு வேலையைப் பார்ப்பாள்.

முதலாளியை அவருக்குக் கண்டாலே ஆகாது. அந்த ஆள் கடிதத்தின் அடிப்பகுதியை நீளமாகக் கிழித்து, திரியாகத் திரித்து, காது குடைவார். கண்ணை மூடிக்கொண்டு, வாயைப் பாதி திறந்து, சுகமாகக் குடைந்து, நுனியில் வந்ததை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் போடுவார். இவர் ராவும் பகலும் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய அடிக்குறிப்பு அந்தத் திரியில்தான் இருக்கும். ஆனாலும் ஒரு நாளும் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை.

இந்த வருஷம் இரண்டு சட்டங்கள் ஒரே தேதியில் வந்தன. பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட லாரிகள் துறைமுகத்துக்குள் நுழையக்கூடாது என்பது ஒன்று. பழம், மீன் ஏற்றி வரும் குளிர் கன்டெய்னர் ஒவ்வொன்றையும் திறந்து சோதிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடுத்த மாதம் முதல் தேதி. அவர் பின்னிணைப்பைப் புரட்டினார். ஒரு நாளைக்கு அறுபது கன்டெய்னரைத் திறந்து பார்க்கத்தான் இடமும் ஆளும் இருந்தது. பருவ காலத்தில் வருவதோ நூறு. தினம் நாற்பது மீதி நிற்கும். இதற்குச் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த கழித்தல் போதும். இரண்டாவது வாரத்தில் வரிசை எட்டு நாளைத் தொடும்.

நடுக்கோட்டில் எட்டு என்று போட்டுக் கொண்டுபோனார். முதலாளி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். துறைமுகத்தை நடத்துகிற கம்பெனிதான் கடிதத்தின் பெரிய சந்தாதாரர். கடைசிப் பக்கத்தில் புது லாரி விற்கிறவர்களின் விளம்பரம் வேறு.

"ஜனங்களை இப்படி பயமுறுத்தலாமா சார்? ரெண்டுன்னு போடுங்க."

"ரெண்டு நாள் எப்படி சார் வரும்?"

"வராதுன்னு உங்களுக்குத் தெரியுது. அதைக் கீழே போட்டுக்குங்க. உங்களுக்குத்தான் கீழே ஒரு இடம் இருக்கே."

கீழே போட்டார். பதினோராம் பக்கம், ஏழாவது குறிப்பு: இரண்டு விதிகளும் ஒரே நாளில் அமலுக்கு வந்தால் குளிர் கன்டெய்னர்கள் எட்டு நாளுக்கு மேல் நிற்க நேரலாம். பதினெட்டாம் தேதி கடிதம் போனது. அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இருபதாம் தேதி தங்கை போன் செய்தாள். ஒரே தங்கை. பள்ளிக்கூடம் முடித்து என்ன படிப்பது என்பதிலிருந்து, எந்த வீட்டுக்குக் குடி போவது என்பதுவரை அண்ணனைக் கேட்காமல் எதுவும் செய்யாதவள். எலுமிச்சம்பழம் தரம் பிரித்துப் பெட்டி போடும் ஒரு கொட்டகையைப் பதினான்கு பெண்களை வைத்து நடத்திக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அடுத்தவர்களின் சரக்குக்குப் பெட்டி போட்டவள், இப்போதுதான் முதல் தடவையாகத் தன் சொந்தப் பேரில் வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறாள். பழம் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வருஷம் பூராவும் எடுத்துக்கொள்வதாக அங்கே ஒருவன் சொல்லியிருந்தான். சேராவிட்டால் அவன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். கொட்டகையையும் மூட வேண்டியதுதான்.

"அண்ணா, உங்க கடிதம் எங்க சங்கத்துல குடுத்தாங்க. ரெண்டு நாள்தான் லேட்டாகும்னு போட்டிருக்கு. நம்பி ஏத்தலாமா?"

"ஏம்மா, வேற வழி ஏதாவது இருக்கா?"

"பழரச ஆலைக்காரன் மொத்தத்தையும் எடுத்துக்கறேங்கறான். விலை ரொம்பக் கம்மி. ஆனா பழம் வீணாகாது. நாளன்னிக்குள்ள பதில் சொல்லணும்."

பக்கத்து மேஜையில் முதலாளி காது குடைந்துகொண்டிருந்தார். ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

"கடிதத்துல எல்லாம் இருக்கும்மா. முழுசா படிச்சுப் பாரு."

"பதினாலு பக்கம்ணா! எனக்கு அதெல்லாம் என்ன புரியும்? நீ சொல்லேன்."

"நடுக்கோடு ரெண்டு நாள்தான்."

"அப்போ சரி. நீ சொன்னா போதும்ணா."

போனை வைத்துவிட்டாள். மாடிப்படி இறங்கி டயர் கடை ஓரமாக நின்று அவளைத் திரும்பக் கூப்பிட ஐந்து நிமிஷம் போதும். அன்றைக்குக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. முழுசாகப் படி என்று சொன்னேனே, அவள் கையில்தானே கடிதம் இருக்கிறது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்தொன்பது வருஷமாக எண்ணூறு பேருக்குச் சொன்ன சமாதானம்தான் இது. கூடப் பிறந்தவளுக்கும் அதே சமாதானத்தை எடுத்து நீட்டினார்.

முதல் தேதி சட்டம் வந்தது. நாலாம் தேதி வரிசை துறைமுகச் சாலையைத் தாண்டியது. பத்தாம் தேதி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. பழரச ஆலைக்காரனை ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வேறு வழியில்லாமல், பன்னிரண்டாம் தேதி தங்கையின் லாரி அதன் வாலில் போய்ச் சேர்ந்தது.

பத்தொன்பதாம் தேதி காலையில் ஆபீஸ் போன்கள் ஓயாமல் அடித்தன. சந்தாதாரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். முதலாளி முதலில் வெலவெலத்துப்போனார். அப்புறம் பதினோராம் பக்கம் யார் புண்ணியத்திலோ அவர் கண்ணில் பட்டது. ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாம முன்னாடியே சொல்லியிருக்கோம் சார்! ஏழாவது குறிப்பு! அடுத்த வாரம் முதல் பக்கத்துல இதைப் பெருசா போடுங்க. நீங்களே உங்க கையால எழுதுங்க."

காது குடைந்த அதே விரல்கள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினார். சீ, இப்படியும் ஒரு பிறவியா என்று இருந்தது. ஆனால் கழுவிவிட்டு வந்து அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து, ஏழாவது குறிப்பில் மஞ்சள் மையைப் பூசி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லாரி நிற்கிற இடத்துக்கே போய்விட்ட தங்கை இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். நேரில் பார்த்துக் காட்டினால், அண்ணன் எச்சரித்திருக்கிறான் என்று அவளுக்குப் புரியும்.

துறைமுகம் போகிற பஸ் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தார். ஒரு மைலுக்கு முன்பே வாடை வந்தது. மீன் அழுகிய வாடை, பழம் புளித்த வாடை, டீசல் புகை, ஒரு வாரமாகச் சாலை ஓரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்ட டிரைவர்களின் மூத்திர நெடி. கன்டெய்னர்களின் அடியிலிருந்து தண்ணீர் மாதிரி ஒன்று கசிந்து தார்ச்சாலையில் ஓடியது. ஈக்கள் அதில் மொய்த்துக் கிடந்தன. இருபத்திரண்டு வருஷமாக "தாமதம்" என்று அவர் எழுதிவந்த சொல்லுக்கு இப்படி ஒரு நாற்றம் இருப்பது அவருக்குத் தெரியாது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

தங்கையின் லாரியை வரிசையிலிருந்து விலக்கிப் பக்கத்து மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். குளிர் இயந்திரம் பதினாறாம் தேதியே நின்றுவிட்டதாம். ஒழுகுகிற கன்டெய்னரை வாசலுக்கே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கதவு திறந்து கிடந்தது. தங்கை முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நின்றாள். கொட்டகைப் பெண்கள் இரண்டு பேர் நனைந்து பிய்ந்த அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட, அவள் மண்வெட்டியால் வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழங்கள் பூஞ்சணம் பிடித்து, அமுக்கினால் பொத்தென்று உடைகிற பதத்தில், கூழாகி விழுந்தன.

"அண்ணா, நீயா?" என்று எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. "அந்த வெளிநாட்டு ஆள் வேற இடத்துல வாங்கிட்டானாம். காலையில சொல்லிட்டான். பாவம், உன்னைச் சொல்லி என்ன பண்றது? இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

அந்த வார்த்தையோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் பையில் தாள் இருந்தது.

"இல்லம்மா. நான் எழுதியிருக்கேன். இதோ பாரு."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளை நுனியில் பிடித்து, தூரமாக வைத்துப் படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"எட்டு நாளுக்கு மேலன்னு போட்டிருக்கே. இது யார் எழுதினது?"

"நான்தான். நானேதான்." குரலில் ஒரு துளி பெருமைகூட இருந்தது.

"என்னிக்கு எழுதின?"

"போன மாசம் பதினெட்டாம் தேதி. மேலேயே போட்டிருக்கு பாரு."

தங்கை தேதியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் உனக்குப் போன் பண்ணது இருபதாம் தேதி அண்ணா."

அவள் தாளை இருந்தபடியே மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்க. உனக்கு உதவும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். முதலாளியின் விரலைத் தொட்டபோது வந்த அதே அருவருப்பு, தாளைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தபோது அவருக்கு வந்தது. இந்தத் தடவை கழுவிவிட்டு வர எந்தக் குழாயும் இல்லை.

"நானும் ஏறி ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "வேண்டாம்ணா. சட்டை அழுக்காயிடும்."

அவர் ஏறவில்லை. கடைசிப் பெட்டி விழும்வரை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படவில்லை.