ஹேனரேயின் பெருவிரல்

ஊர்ப் பொதுமனையான மராயின் முற்றத்தில் ஹேனரேயின் சவப்பெட்டி மூன்றாம் நாளாகத் திறந்தே இருந்தது. வருகிறவர்கள் செத்தவனிடமே நேராகப் பேசுவார்கள். அழுவார்கள், திட்டுவார்கள், கிண்டலும் செய்வார்கள். அதெல்லாம் வழக்கம்தான். ஆனால் பேட்டா மாமா எழுந்து கைத்தடியை ஆட்டிப் பேசியபோது, ஹேனரேயின் தம்பி தூரோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டா ஹேனரே, கடல்ல கிடந்த கீனாவையெல்லாம் முள்ளு ஓட்டை உடைச்சு நீ ஒருத்தனே தின்னு தீர்த்துட்டு, இப்ப ஒண்ணும் தெரியாதவன் மாதிரி படுத்திருக்கியா?"

கூட்டம் சிரித்தது.

என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது! முப்பது வயதில் கால் பெருவிரல் வீங்கிய நாள் முதல் அண்ணனுக்கு எல்லோரும் பாடிய பாட்டு இதுதான். டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பீரைக் குறை, மீனைக் குறை" என்று அனுப்பிவிட்டார். பீரைத் தொட்டே பார்க்காத மனிதன்! வலி தாங்காமல் துடுப்புப் படகுக் குழுவை விட்டான், சோம்பேறி என்றார்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடந்து வலி மாத்திரையாக விழுங்கினான். கடைசியில் சிறுநீரகம் போயிற்று.

தினமும் காலையில் துடுப்புப் போடும் தூரோவாவுக்கு நாற்பத்தைந்தில்தான் விரல் வீங்கியது. அண்ணன் இறந்த அன்று காலையில்தான் நர்ஸ் மெரியானா அவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உடம்பு அசையறதால உங்களுக்குத் தள்ளிப் போயிருக்கு. ஆனா உங்க குடும்பத்து உடம்பு யூரிக் ஆசிடை வெளியே விடாமப் பிடிச்சு வைக்குது. பிறவியிலயே வந்தது. சாப்பாட்டோட பங்கு கொஞ்சம்தான். தினமும் மாத்திரை போட்டா அடங்கிடும்."

பதினெட்டு வருஷம் அண்ணனுக்கு இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தூரோவா நொண்டிக்கொண்டே எழுந்தான்.

"உக்காருடா, உன் முறை வரல" என்றார் மாமா.

"இருபது தலைமுறை முன்னோர் பேரை மூச்சு விடாம ஒப்பிக்கிறீங்களே மாமா! மூக்கு பாட்டன் குடுத்தது, குரல் முப்பாட்டன் குடுத்ததுன்னு பீத்திக்கிறீங்க. இந்த விரலை மட்டும் கீனா குடுத்துச்சா?"

தூரோவா பெட்டிப் பக்கம் திரும்பினான். அதுவரை இருந்த கோபமெல்லாம் அவன் மேலேயே பாய்ந்தது.

"அண்ணே, போன வாரம் ஒரே ஒரு கீனா குடுடான்னு கேட்டியே. 'இதைத் தின்னுதானே இப்படிக் கிடக்குற'ன்னு தட்டைப் பிடுங்கிட்டேனே, பாவி நான். நீயும் ஏதோ தப்பு பண்ணவன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டியே, அண்ணே."