பேப்பர் போடப் போனவன்

எங்கள் லைன் வீட்டின் கடைசி அறைக்கு அந்தத் தாயும் மகனும் குடிவந்தபோது எனக்கு நாற்பது வயது. சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்பக்கம் வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அவர்கள் யாழ்ப்பாணம். ஆமி என்றுதான் ராணுவத்தைச் சொல்வார்கள். ஆமி ஊரைப் பிடித்த பிறகு சில மாதம் அதற்குள்ளேயே இருந்து பார்த்துவிட்டுப் படகேறி வந்தவர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் சிப்பாய்கள் குடியேறிவிடுவார்கள் என்று தகப்பன் மட்டும் அங்கேயே இருந்துவிட்டார்.

பையனுக்குப் பதினாறு வயது. மீசை அரும்பியிருந்தது. எங்கள் பக்கம் பையனுக்கு மீசை முளைத்தால் மாமன்காரன் கேலி பண்ணுவான், பெற்றவள் உள்ளுக்குள் பூரித்துப் போவாள். இந்த அம்மாளோ அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

"மீசை வந்த பிள்ளையளை ஆமி விடமாட்டான் அக்கா. றோட்டிலை வரிசையா நிப்பாட்டுவாங்கள். முகத்தை மூடின ஒருத்தன் ஜீப்புக்குள்ளை இருப்பான். அவன் தலையாட்டினால் அந்தப் பிள்ளை முடிஞ்சுது" என்று குழாயடியில் சொன்னாள். ஒருநாள் வரிசையில் இவனுக்கு முன்னால் நின்ற பையனைப் பார்த்துத் தலை ஆடியிருக்கிறது. இவனோடு ஒரே வகுப்பில் படித்தவனாம். அன்றைக்கே கிளம்புவது என்று முடிவு செய்துவிட்டாள்.

வந்த பிறகும் அந்த ஊர்ப் பழக்கம் அவனை விடவில்லை. அங்கே காவல் சாவடி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டுமாம். இங்கே மில் கேட் வந்தாலும் இறங்கிவிடுவான். காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேனுக்குச் சிரிப்புத் தாங்காது.

"ஏந்தம்பி, என்னையப் பாத்தாக் கலெக்டராட்டவா இருக்குது? இந்த மரியாதைய எம்பொண்டாட்டிக்குங் கொஞ்சம் சொல்லிக் குடுத்துப்போட்டுப் போ சாமி!"

அவனும் சிரிப்பான். ஆனால் கேட்டைத் தாண்டின பிறகுதான் ஏறுவான்.

பேச்சுக்கும் கேலி உண்டு. ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பான். "சாப்புட்டாச்சா கண்ணு?" என்று யாராவது கேட்பார்கள். "ஓம்" என்பான். "நமசிவாயா!" என்று குழாயடியே சேர்ந்து கத்தும். என்னை அன்ரி என்று கூப்பிடுவான், ஆன்ட்டியைத்தான் அப்படிச் சொல்வான். வேகமாகப் பேசுவான், எனக்குப் பாதிதான் விளங்கும். நான் அஞ்சாவதோடு நின்றவள், சின்ன வயதிலிருந்தே பேச்சு கம்மி. என்ன சொன்னீங்க என்று யாரிடமும் இரண்டாவது தடவை கேட்கக் கூச்சம். புரிந்தாலும் புரியாவிட்டாலும் சரி சரி என்று வைப்பேன்.

தாய்க்கு மில்லில் நூல் சுற்றும் வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். அவனுக்கு விடிகாலையில் வீடு வீடாகப் பேப்பர் போடும் வேலை. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், தகப்பனை ஆமி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். எல்லாம் கேட்டது.

"அப்பாவைத் தேடுறதுக்கு அங்கை ஒருத்தரும் இல்லை. நான் போறன் அம்மா."

"நீ போனா உன்னையும் பிடிப்பாங்கள். பிறகு ரெண்டு பேரையும் நான் எங்கை போய்த் தேடுறது?"

"நான் சின்னப் பிள்ளை இல்லை."

"தெரியும். அதுதான் பயம்."

மறுநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் வேலைக்குப் போற நேரம் இவனிலை ஒரு கண் வையுங்கோ. வெளிக்கிடுற மாதிரித் தெரிஞ்சா மறியுங்கோ. உங்கடை சொல்லைத் தட்டமாட்டான்."

"பாத்துக்கறனுங்க அம்மணி. எங்க போயிரப்போறான்" என்றேன்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். விடிகாலையில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. அவன் தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளோடு வந்தான். மற்ற நாளில் ஒன்றும் சொல்லாமல் போகிறவன், அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்ரி, போட்டு வாறன்."

பேப்பரைத்தான் போட்டு வருகிறேன் என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பேச்சில் எதற்குப் பின்னாலும் ஒரு போட்டு உண்டு. தின்னுபோட்டு, குளிச்சுபோட்டு. அது காதில் விழுந்தால் நாங்கள் யோசிக்கவே மாட்டோம்.

"ஆகட்டுங் கண்ணு. மழை வர்றாப்பல இருக்குது, பேப்பர் நனையாமப் பாத்துக்க" என்றேன்.

கொஞ்சம் நின்றான். அப்புறம் "ஓம் அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஷிப்ட் முடிந்து தாய் வந்தாள்.

"மகன் எங்கை அக்கா?"

"பேப்பர் போட்டு வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனானுங்க. இன்னுங் காணம்."

அவள் முகம் மாறியது. "பேப்பர் எண்டு சொன்னவனோ?"

நினைத்துப் பார்த்தேன். "இல்லீங்க. போட்டு வாறன்னு மட்டுந்தான்."

குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் அவர்கள் ஊரில் அப்படிச் சுருக்கிச் சொல்வார்களாம். என்னிடம் விடைபெற்றுக்கொண்டுதான் போயிருக்கிறான். நான் மழையைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஏஜெண்ட் கடைக்கு ஓடினோம். "எல்லா ஊட்டுக்கும் போட்டு முடிச்சு, சைக்கிளத் தொடச்சு நிறுத்திப்போட்டுத்தானுங்க போனான். ஊருக்குன்னான். நீங்களும் போறீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க" என்றார் அவர். பஸ் நிலையத்தில் மதுரை வண்டி கிளம்பிப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு ராமேசுவரம் வரை போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அவன் என்னிடம் சொன்னதற்கும் பஸ் ஏறினதற்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்கள் தெருக்களில்தான் இருந்திருக்கிறான். நான் அடுப்புப் பற்றவைத்தபோது பக்கத்துத் தெருவில் அவன் மணியடித்தது எனக்குக் கேட்டது. விளங்கியிருந்தால் எட்டு வைத்துப் போய்ச் சைக்கிளைப் பிடித்திருக்கலாம். போகவேண்டாஞ் சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதைப் போட்டு என்று கேட்டிருந்தால்கூடப் போதும், அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. நான் அழுதபோது, "நீங்கள் என்ன செய்வியள் அக்கா? ரெண்டு பேரும் தமிழ்தானே கதைச்சனீங்கள்" என்றாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

தகப்பனின் போட்டோவை வைத்துக்கொண்டு அந்த ஊர் ஆமி முகாம் வாசலில், ஆளைத் தேடி வந்த பெண்களுக்கு நடுவில் அவன் நின்றதைப் பார்த்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் தகவல் இல்லை. அவளும் ஊருக்கே கிளம்பிப் போனாள். கடுதாசி போடுவதாகச் சொன்னாள், வரவில்லை.

இப்போது சண்டையெல்லாம் ஓய்ந்து இங்கிருந்து அங்கே சுற்றுலா போகிறார்கள். அந்த ஊர் வீடியோ செல்லில் வந்தால் என் மகன் எனக்குக் காட்டுவான். கடைத்தெரு, கோயில் கூட்டம். பதினாறு பதினேழு வயதுப் பையன் யாராவது தெரிந்தால் நிறுத்தச் சொல்வேன்.

"அம்மா, அவரு எனக்கு மூத்தவரு. இருந்தா நாப்பத்தஞ்சு தாண்டியிருக்கும். தல நரச்ச ஆளாப் பாருங்க" என்றான் போன வாரம்.

அப்படியும் பார்த்தேன். யாரைக் கண்டாலும் அவனாக இருக்கும் என்று தோன்றியது. மகனைத் திரும்பப் போடச் சொன்னேன்.