பெரியவருக்கு விசா வராத விடியல்

அறைக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகும். அமீரகத்துக்கு வந்த புதிதில், கண்தான் கெட்டுப்போச்சோ என்று பயந்தேன். ஏசி குளிரிலிருந்து ஈரக்காற்றுக்குள் வருவதால் படிகிற ஆவி அது. தொலைநோக்கிக்கும் இதே கதிதான். பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே வெளியே எடுத்துவைத்துப் பழக்க வேண்டும். பாலைவனம் என்றால் காய்ந்த காற்று, துடைத்துவைத்த வானம் என்று நம்பித்தான் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குக் கிளம்பிவந்தேன். நீங்களும் அப்படி நம்பிக் கிளம்புகிறீர்கள் என்றால், லென்ஸ் துடைக்க நிறையத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மணல்மேட்டில் கூடி வானம் பார்க்கிற சின்னக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் அபு காலித், தண்ணீர் லாரிகள் வைத்திருப்பவர். ஈரம் முன்பெல்லாம் கடற்கரையோடு நின்றுவிடும், இப்போது இவ்வளவு உள்ளே வருகிறது என்பார். குபார், அதாவது தூசி, கிளம்பினால் சீக்கிரம் அடங்கும். இப்போது வந்தால் போக மறுக்கிறது என்பார். ஆகஸ்ட் கடைசியில் இவர்கள் விடியலுக்கு முன் அடிவானத்தையே பார்த்து நிற்பார்கள். சுஹைல் என்ற நட்சத்திரம் அப்போதுதான் முதன்முறையாகத் தெரியும். கொடும்வெயில் முறிவதற்கு அது அடையாளம். போனில் இருக்கும் ஆப் காட்டினால் செல்லாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அந்த சுஹைல் வேறு யாருமில்லை, நம்முடைய அகத்தியர் நட்சத்திரம்.

எங்கள் ஊர் கடத்தூரில் நானும் அருளும் அவரைப் 'பெரியவர்' என்போம். அருள் என் வகுப்புத் தோழன், வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். பிவிசி குழாயையும் பழைய பைக் உதிரிகளையும் வைத்து அவன் வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கி கட்டினோம். "ஏண்டா, பீரங்கி செஞ்சு யாரு வூட்டை எட்டிப் பாக்கறீங்க?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். "உங்க வூட்டைத்தாங்க்கா. உங்க தண்ணி டேங்குக்குப் பின்னாடி வியாழன் ஒளிஞ்சிருக்கு, டேங்கைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றான் அருள்.

தெற்கே இருப்பவர்களுக்குப் பெரியவர் முந்தித் தெரிவார். அதனால் ஒவ்வொரு ஜூலையிலும் அருளிடமிருந்து போன் வரும். "டேய், இங்க பெரியவரு வந்துட்டாருடா. உங்க ஊருக்கு அவருக்கு இன்னும் விசா அடிக்கலையா?" பல வாரம் கழித்து, நான் இங்கே பார்த்த விடியலில் அவனைக் கூப்பிடுவேன். "விசா ஆயிடுச்சுடா." அவ்வளவுதான் பேச்சு.

இந்தப் பங்குனியில் நெடுஞ்சாலையில் லாரி மோதி அருள் இறந்துபோனான். எனக்கு விடுப்பு கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஜூலை முழுக்கப் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். வராது என்று தெரியும், தெரிந்தும் வைத்தேன். எப்படியாவது சுஹைலைப் பார்த்து, அந்த எண்ணுக்கு ஒருமுறை அடித்துச் சொல்லிவிட வேண்டும். யார் எடுப்பார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. சொல்லாவிட்டால் அவன் அந்த மாடியிலேயே காதில் போனோடு நின்றுகொண்டிருப்பான் என்று ஒரு எண்ணம். விரட்டியும் போகவில்லை.

ஆகஸ்ட் கடைசி வந்தும் விடியலுக்கு விடியல் தூசி. நேற்றும் அப்படித்தான், அடிவானம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு சுவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அபு காலித் கேட்டார்:

"உன் நாட்டில் இப்போது நல்ல மழை, இல்லையா? கேரளா?"

"இல்லை, தமிழ்நாடு. எங்கள் பக்கமும் தூசிதான்."

"சேம் சேம்" என்று என் தோளைத் தட்டி, அவர்கள் ஊர்க் காபியான கஹ்வா ஊற்றப் போனார்.

அப்போது போன் அடித்தது. திரையில் 'அருள்' என்று இருந்தது. எடுத்தேன்.

"கண்ணு, அருளோட அம்மா பேசறேன்."

"சொல்லுங்கம்மா."

"பெரியவருக்கு உங்க ஊருக்கு விசா ஆயிடுச்சா? ஆவணி பொறந்தா இதையேதான் கேட்டுக்கிட்டுத் திரிவான்."

"இன்னும் இல்லீங்கம்மா. இங்க ஒரே தூசி."

"நான் விடியறதுக்கு முன்னாடியே மாடிக்குப் போயிட்டேன். சித்தேரி மலைப் பக்கம் ரெண்டு இருந்துச்சு. ஒசரத்துல ஒண்ணு பளீர்னு, மலைக்கு மேல கீழாப்ல ஒண்ணு. எவரு நம்ம ஆளுன்னு தெரியல. ரெண்டு பேருக்கும் பொதுவா தோத்திரம் சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன்."

"கீழ இருந்தவருதாங்கம்மா."

அங்கே வெயில் ஏறியிருந்திருக்கும். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அப்ப நான் பாத்துட்டேன்" என்றார். "அவன் போன்ல இருந்தே உனக்குச் சொல்லிட்டேன். வெக்கறேன் கண்ணு, சாப்பிடு."

அபு காலித் கஹ்வா கோப்பையோடு வந்தார். "சுஹைல்?" என்றார், கிண்டலாக.

"தெரிந்துவிட்டது" என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் பழுப்புச் சுவரைப் பார்த்தார். "எங்கே?"

என் கை தானாக நீண்டது, இடப்பக்கமாக, கிழக்கே, கடத்தூர் இருக்கும் திசைக்கு.

அவர் சிரித்துவிட்டார். "அங்கே இல்லை, தம்பி. சுஹைல் தெற்கே." வழி தவறியவனைத் திருப்புவதுபோல என் இரு தோள்களையும் பிடித்துத் தெற்கே திருப்பி நிறுத்தினார். உடம்பு அவர் திருப்பிய பக்கமே நின்றது. கழுத்து மட்டும் இடப்பக்கமே இருந்தது.