அண்ணனின் முட்டைச் சோதனையும் சூரியகாந்திக் களையும்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணனின் நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அண்ணன் பிறந்தது கான்சாபுரத்தில். அப்பா தவறிய பிறகு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு செட்டியார்பட்டிப் பக்கம் வந்து, கூலிக்கு உழுது, பிறகு சொந்தப் புஞ்சை வாங்கினார்கள். எனக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அவர்கள்தான். அன்று பெய்த மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் வேண்டாம் என்கிறாள்.

அண்ணன் யார் வம்புக்கும் போனதில்லை. உழவில் மட்டும் ஒருவரையும் நம்பமாட்டார்கள். சூரியகாந்திக்கு மண் மாவாக இருக்க வேண்டும். கட்டி கிடந்தால் விதை சந்தில் விழுந்து முளைக்காது, அந்த இடத்தில் களை குடியேறிவிடும் என்பார்கள். அதற்கு ஒரு சோதனையும் வைத்திருந்தார்கள். உழுது முடித்ததும் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு பச்சை முட்டையை நாலு இடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். உடைந்து ஒழுகினால் மறுபடி உழவு.

ஐந்தாறு வருடம் முன்பு ஓர் ஆடியில் மூன்று உழவுக்கும் முட்டை உடைந்தது.

"அய்யா, இது புஞ்சையா, ஆம்லேட் போடுற கல்லா?" என்றார் டிராக்டர் டிரைவர்.

"நீ ஓட்டுய்யா. மண்ணு சொல்லட்டும்" என்றார்கள் அண்ணன்.

நாலாவது உழவு நடந்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். முட்டை உடைந்தால் நான் போக முடியாது. எனக்கு அப்போதே வயது அறுபதுக்கு மேல். அந்த வயதில், யாருக்கும் தெரியாமல் முட்டையை அவித்துக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன்.

நாலு இடத்திலும் போட்டார்கள். ஓடு கீறியது, ஒழுகவில்லை.

"பாத்தியாலே, மெத்தை மாதிரி ஆயிருச்சு! விதையப் போடச் சொல்லு."

கட்டி கிடந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் தேருக்குப் போய்விட்டேன்.

பதினைந்தாம் நாள் பார்த்தால், சூரியகாந்தி அங்கொன்றும் இங்கொன்றும். நடுவில் கோரையும் சாரணையும் பாய் விரித்ததுபோல. அண்ணன் வெகுநேரம் யோசித்தார்கள்.

"கோழி மேலதாம்லே சந்தேகம். ஓடு தடிச்சுப் போச்சு."

அந்தக் கோழியைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பிறகு, களையெடுக்க வந்த பெண்களோடு தாமும் களைக்கொத்தியுடன் குனிந்தார்கள். நானும் குனியப் போனேன்.

"தேருக்கு நடந்த காலு ஓஞ்சிருக்கும். நீ வரப்புல உக்காருலே."

உட்கார்ந்தேன். அன்று களைவெட்டியதில் பிடித்த முழங்கால் வலி அண்ணனுக்குக் கடைசிவரை தீரவில்லை.

அண்ணன் ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்லிவிடலாம் என்று போனேன்.

"அண்ணே, அந்த முட்டை..."

"வேண்டாம்லே. டாக்டர் கஞ்சிதான் குடிக்கணும்னுட்டாரு."

கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்கள். சொல்லாமல் நானும் போய்விடக் கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

அச்சுக்குக் கொடுக்குமுன் மதினிக்கு வாசித்துக்காட்டச் சொன்னேன். கேட்டு முடித்ததும் மதினி சொன்னார்கள்:

"அவிய இருந்தா உங்களைச் சும்மா விட்டிருப்பாவ, கொழுந்தனாரே. நான் விடமாட்டேன். இந்த வருசக் களை அம்புட்டும் உங்களுக்குத்தான். திவசம் முடிஞ்ச மறுநாள் காலையில வந்து சேருங்க."

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அன்று என்னால் முதுகொடிந்த பெண்களுக்கும் நன்றி. திவசத்துக்கு வருகிறவர்களில் யாரேனும் மறுநாளும் தங்கிப் புஞ்சையில் இறங்கினால், அவர்களுக்கும் இப்போதே என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.