லேமினேட் செய்த மருந்துச் சீட்டும் ஒரு சனிக்கிழமையும்

இந்தப் பக்கத்தில் கோயில், அருவி என்றுதான் எழுதி வந்தேன். போன சனிக்கிழமை போனது மாத்திரை வாங்க. திருப்பரங்குன்றத்திலிருந்து சிம்மக்கல், அங்கிருந்து நாகமலை புதுக்கோட்டை, மறுபடி சிம்மக்கல், மறுபடி நாகமலை புதுக்கோட்டை. சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒழுங்கான ஆள் போயிருந்தால் இருபத்தொன்றில் முடிந்திருக்கும். இதே காரியத்துக்கு அலைகிறவர்கள் இருப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

என் மனைவியின் அண்ணனுக்கு எலும்பில் புற்றுநோய். நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்பின் மாத்திரை போட்டால்தான் மனுஷன் மனுஷனாக இருப்பார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போடுவது கடைசி மாத்திரை. அடுத்தது இரண்டு மணிக்கு வேண்டும். இது எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனையில்தான் கொடுப்பார்கள். நாங்கள் போவது சிம்மக்கல் பக்கம். சனிக்கிழமை ஒரு மணி வரை, ஞாயிறு விடுமுறை.

வியாழக்கிழமையே டாக்டர் சீட்டு எழுதிவிட்டார். மருந்து கொடுக்கும் கவுன்டரில் இருப்பு வரவில்லை, சனிக்கிழமை வாருங்கள் என்றார்கள். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படித்தது பத்தாவது வரை, ஆனால் பேப்பரைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. மழைக்காலம், இம்புட்டு முக்கியமான சீட்டு நனைந்துவிடக் கூடாதே என்று கெட்டியான கவரில் போட்டு லேமினேட் செய்துவிட்டேன். ஓரத்தை வேறு வளைவாக வெட்டினேன்.

7.40க்கு பஸ். 8.35க்கு சிம்மக்கல். கவுன்டர் திறந்தது 9 மணிக்கு. மருந்து கொடுக்கிற தம்பி சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

“அண்ணே, இதுல நான் எங்க எழுதுறது?”

பக்கத்தில் இருந்த செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொடுத்த எண்ணிக்கை, தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் அந்தச் சீட்டின் மேலேயே போட்டாக வேண்டுமாம். பேனா வழுக்கியது, முத்திரை மை விரலோடு வந்தது. கவரைப் பிரிக்கப் பார்த்தேன். டாக்டரின் கையெழுத்தில் பாதி உரிந்து வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தம்பி சீட்டைத் தொடவே இல்லை. டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்கி வரச் சொன்னார். அந்த டாக்டருக்கு சனிக்கிழமை வேலை நாகமலை புதுக்கோட்டையில், தன் சொந்த கிளினிக்கில். மச்சான் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

9.40க்கு பஸ், 10.30க்கு இறங்கினேன். மச்சான் தெரு முனையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாக நடந்தேன். வெறுங்கையோடு அவர் கண்ணில் படத் தைரியம் இல்லை. கிளினிக்கில் எனக்கு முன்னால் பதினாலு பேர். உள்ளே போகும்போது 11.40.

டாக்டரம்மா சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரே வாரத்துக்கு, ஒரே ஆளுக்கு, இரண்டு மார்பின் சீட்டு எழுதச் சொல்கிறேன் நான். முதல் சீட்டின் மேல் ‘ரத்து’ என்று எழுதவும் வழியில்லை. சட்டம் டாக்டருக்குத் துணை இருக்கிறதாமே, என் மகள் போனில் படித்துக் காட்டினாள் என்று இழுத்தேன்.

சுவரைக் காட்டினார். நான்காக மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள் ஒட்டியிருந்தது. போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தியது பற்றியது. வலி மருத்துவத்தில் பயிற்சி எடுத்த டாக்டர் நோயாளிக்கு மார்பின் எழுதலாம், அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனை இருப்பு வைத்துக் கொடுக்கலாம், முறைப்படி நடந்தால் குற்றமில்லை.

“சட்டம் இருக்குங்க. சோதனைக்கு வர்றவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நான்தான் இதை எடுத்துக் காட்டுறேன். ஒருக்கா ரெண்டு மாத்திரை கணக்குல உதைச்சதுக்கு எட்டு மாசம் விசாரணைக்கு நடந்தேன். சீட்டுல கவுன்டர் தம்பி எழுதிக் கையெழுத்துப் போடுற அந்தக் காலி இடம்தான் எனக்கு வக்கீல். அதைத்தான் நீங்க ஒட்டி மூடிட்டு வந்திருக்கீங்க.”

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. களைப்பாகச் சொன்னார். இவருக்கு முன் மூன்று டாக்டர்கள் மார்பின் எழுத மாட்டேன் என்று அனுப்பியபோது, கல்நெஞ்சுக்காரர்கள் என்று கடை வாசலில் நின்று திட்டியவன் நான். பயந்திருந்தார்கள் என்று அன்றுதான் உறைத்தது.

கத்தரிக்கோலை என்னிடமே கொடுத்தார். சீட்டை நாலாக வெட்டினேன். துண்டுகளைத் தன் கோப்பில் வைத்துத் தைத்தார். சிம்மக்கல்லுக்குப் போன் செய்து பதிவேட்டில் ரத்து என்று ஏற்றச் சொன்னார். பழைய சீட்டு ரத்தான விவரத்தைப் புதுச் சீட்டிலும் எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

நான் எழுந்தபோது சுவரிலிருந்து அந்தத் தாளை மெதுவாகப் பிரித்தார். “உங்களுக்குக் கை சும்மா இருக்காதுன்னா இதை லேமினேட் பண்ணிக் குடுங்க.”

மணி 12.05. பஸ்ஸை நம்பவில்லை. ஆட்டோ 350 ரூபாய். காளவாசலில் நெரிசல். மருந்துச் சீட்டு என்றதும் டிரைவர் அண்ணன் சந்து சந்தாக ஓட்டினார். 12.50க்கு கவுன்டர். ஒன்று பத்துக்கு மாத்திரை கையில். திரும்ப பஸ், மச்சான் வீடு சேர 2.20.

இருபது நிமிஷத் தாமதம். மச்சான் துண்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாத்திரை போட்டு அரைமணி கழித்துத்தான் என் பக்கம் திரும்பினார். நடந்ததைச் சொன்னேன்.

“மாப்ள, நான் போன பொறவு என்னைய லேமினேட் பண்ணிராத.”

அவர் தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு இரண்டில் எதுவும் வரவில்லை. கால் வலி.

போகிறவர்களுக்கு: சீட்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஒட்டாதீர்கள். மாத்திரை தீர இரண்டு நாள் இருக்கும்போதே கிளம்புங்கள். தீர்ந்த மாத்திரையின் காலி அட்டையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், சந்தேகப்படுகிறார்களே என்று கோபப்பட வேண்டாம். அவர்கள் எண்ணி வைப்பது அடுத்த வாரம் உங்களுக்குக் கிடைக்கத்தான்.

டாக்டரம்மாவின் தாளை இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். கிழிந்த மடிப்புகளை நேராக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. இந்த வாரம் வியாழக்கிழமையே போகிறேன். ஓரத்தை மட்டும் வளைவாக வெட்டவில்லை.