துணி மறைப்புக்கு மேல் தெரிந்த முகம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். வெள்ளாமை பால் கட்டியிருந்த ஒரு தை மாதம். நான் கிழக்கிலங்கையின் இறக்காமத்தில் மாப்பிள்ளையாக இருந்தேன். அது ஒரு முழுநேர வேலை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். கல்முனைக்காரனான நானும் ஒரு சூட்கேசோடும் இரண்டு பெட்டிப் புத்தகங்களோடும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. எதையும் தீர்மானிக்க வேண்டிய தேவைதான் இல்லை.

மாமி, அதாவது மனைவியின் உம்மா, என்னோடு நேரே கதைக்கமாட்டார். அந்த வீட்டு வழக்கம் அது. அறை வாசலில் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார், எனக்குக் கேட்கும். நான் மனைவியிடம் பதில் சொல்லுவேன்; அவருக்குக் கேட்கும். இரண்டு வருடம் இப்படியே ஒரு சச்சரவும் இல்லாமல் ஓடியது.

மனைவி முதல் பிள்ளைக்கு உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதம் முடிகிற நேரம். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவன். எதையும் புத்தகத்தில் பார்த்தால்தான் நடந்ததாக நம்புவேன். பழைய புத்தகக் கடையொன்றில் கர்ப்பிணிகளுக்கான தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஏதோ குளிர் தேசத்து டொக்டர் எழுதியது. இந்த மாதங்களில் குதிரைச் சவாரியைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. இறக்காமத்தில் அதைக் கடைப்பிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. வயலுக்குள் இறங்கும் யானைகளைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஆனாலும் அந்த அத்தியாயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆறாம் மாத முடிவில் பிள்ளைக்குக் காது கேட்குமாம். விக்கல் எடுக்குமாம். விரல் சூப்புமாம். ஒட்டியிருந்த கண்ணிமை பிரியுமாம். மனைவி வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துச் சொல்லுவேன்.

"பிள்ளைக்கு இப்ப சத்தம் கேக்குமாம் புள்ள."

"ஓம். முந்தநாள் வயல்ல யானை வெடி போட்டாங்க. துள்ளிச்சி. எனக்கு ஆரும் வாசிச்சுக் காட்டல்ல."

வெளியே கை வைத்தாலும் அசைவு தெரியும் என்று புத்தகம் சொன்னது. மூன்று கிழமை முயன்றேன். மாமியின் கைக்குத் துள்ளியது. பக்கத்து வீட்டுப் பெண்களின் கைக்குத் துள்ளியது. என் கை பட்டதும் உள்ளே பூரண அமைதி.

"மருமகன்ட கை பட்டா பள்ளிக்கூடம் எண்டு விளங்குது போல. அதான் பேசாம இரிக்கி எண்டு செல்லு" என்றது திரை.

ஒரு நாள் விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தபோது மனைவி கட்டிலில் எழும்பி இருந்தாள்.

"நேத்துப் பின்னேரம் அசருக்குப் புறகு அசையல்ல."

புத்தகத்தைத் திறந்தேன். இந்தப் பருவத்தில் பிள்ளை நீண்ட நேரம் உறங்கும் என்று ஒரு பக்கத்தின் கடைசி வரி சொன்னது. அதை வாசித்துக் காட்டி, "நித்திரையா இரிக்கும் புள்ள, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அவள் "ஓம்" என்றாள். அந்த ஓமில் நம்பிக்கை இருந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

மதியம் லுஹருக்குத் திரும்பி வந்தபோது மாமி முக்காடு போட்டுக் கைப்பையோடு தயாராக நின்றார். மனைவியின் முகம் வெளுத்திருந்தது. இன்னும் அசைவில்லை.

"பொத்தகம் ஊட்டுல இரிக்கட்டும். கல்முனைக்கு லேடி டொக்டர்ட போவம் எண்டு செல்லுகா" என்றார் மகளிடம்.

நான் புத்தகத்தைக் களவாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் சம்மாந்துறையைத் தாண்டியபோது மெல்லத் திறந்து, காலையில் வாசித்த பக்கத்தைப் புரட்டினேன். மறுபக்கத்தின் முதல் வரி: அசைவு குறைந்தாலோ நின்றாலோ காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் போகவும். கேள்வியை அரைவாசி வாசித்துவிட்டு விடை எழுதும் மாணவர்களுக்குப் பிரம்பு தூக்குகிறவன் நான். புத்தகத்தை மூடினேன். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள்.

மாவடிப்பள்ளிக்குக் கிட்ட சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை. பெண்களுக்கு நாலு கம்பு நட்டு, நெஞ்சளவு உயரத்துக்குத் துணி கட்டிய மறைப்பு. உள்ளே பெண் பொலிஸார். அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளின் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், உண்மையான வயிறுதானா, குண்டு கட்டியதா என்று. எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

என் சோதனை முடிந்து அப்பால் போய் நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். என் ஆட்கள் வரவில்லை. துணிக்கு மேலே ஒரு பொலிஸ்காரியின் முகம் மட்டும் தெரிந்தது. இளம் வயது, நெற்றி வரை இழுத்துவிட்ட தொப்பி. ஏதோ கேட்டாள். காணாமல் போனாள். ஒரு கோப்பையோடு திரும்பி வந்தாள். கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இலேசாகக் குனிந்தாள், அப்படியே நின்றாள். திடீரென்று கண்கள் விரிந்தன. வாய் திறந்தபடி நின்றது. சிங்களத்தில் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இரண்டாவது தொப்பியும் வந்து குனிந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களத்துக்கு 'அக்கா, இங்க வாங்க' என்பது மட்டும் விளங்கியது. மிச்சத்தை நானே இட்டு நிரப்பினேன். சந்தேகப்படுகிறார்கள். அல்லது, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. வாசித்து வளர்த்த கற்பனை இந்த மாதிரி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கடந்து போனவன் திரும்பி நடக்கக்கூடாது என்ற சட்டம் எனக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை.

"ஏய்!" என்றான் ஒரு சிப்பாய். துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

அந்த நேரம் துணிக்கு மேலே மாமியின் தலை எழும்பியது.

"மனே, அங்கேயே நில்லுங்க. ஒண்டுமில்ல. புள்ள துள்ளுது."

இரண்டு வருடத்தில் மாமி என்னிடம் நேரே சொன்ன முதல் வார்த்தைகள். நான் நின்றேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன வருத்தம் என்று அந்த இளம் பொலிஸ்காரி கேட்டிருக்கிறாள். நெல் விற்றுப் பழகிய சிங்களத்தில் மாமி சொல்லியிருக்கிறார். அவள் தன் கதிரையில் இவளை இருத்தி, மாமியைப் பக்கத்தில் குந்தச் சொல்லி, தனக்கு வைத்திருந்த தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டுக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வயிற்றில் கையை வைத்தபடி காத்திருக்கிறாள். சோதனைக்கு ஒரு நொடி போதும். அவள் கையை எடுக்கவில்லை. ஊரில் தன் தாயிடம் விட்டு வந்த எட்டு மாதப் பிள்ளை அவளுக்கும் இருந்ததாம்.

பிறகு அவளே சிப்பாயிடம் ஏதோ சொல்லி என்னையும் உள்ளே கூப்பிட்டாள். என் கையைக் காட்டி, வை என்று சைகை செய்தாள். மூன்று பெண்களுக்கு முன்னால் மனைவியின் வயிற்றில் கை வைக்கிற தைரியம் எனக்கில்லை. மாமி முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். வைத்தேன். வழக்கம்போல அமைதி. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"எடுக்காதீங்க" என்றாள் மனைவி.

வந்தது. குளத்துத் தண்ணீரை மறித்து நிற்கும் துருசுக் கதவில் உள்ளங்கையை வைத்தால், கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் நிற்கும் குளம் முழுவதும் கையில் தெரியுமே, அப்படி. உள்ளே ஓர் ஆள் இருந்தது. எனக்குத் தெரியாத, என்னை எதற்கும் கேட்காத ஓர் ஆள். முந்நூறு பக்கத்தில் அந்தக் குளிர் தேசத்து டொக்டர் இதை எழுதவேயில்லை. எழுத முடியாமல் விட்டிருப்பார். நான் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. அழுதேன் என்று மனைவி சொல்லுகிறாள், மாமியும் சாட்சி.

துள்ளிவிட்டதே என்று திரும்பிவிடாமல் கல்முனைக்குப் போனோம். டொக்டர் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார். "அடுத்த முறை ஒரு மணித்தியாலமும் பாக்க வேணாம், உடனே வாங்க. ஆரு நித்திரை எண்டு செல்லி வெச்சிருந்த?" மனைவியும் மாமியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது அந்தச் சாவடியில் வேறு ஆட்கள் நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமி திரைக்குப் பின்னால் போய், "மருமகனுக்குப் பசிக்குமா எண்டு கேளு" என்றார்.

மகள் வளர்ந்துவிட்டாள், இன்றும் நான் கூப்பிட்டால் மட்டும் அசைவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எங்காவது வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு கை நீளும்போதெல்லாம், எரிச்சல் வருவதற்கு முன்னால், துணிக்கு மேலே வாய் திறந்தபடி நின்ற அந்த முகம் வந்துவிடுகிறது.